விஞ்ஞானமும் சித்திரமும்

ஒரு கருத்தைப் பிறர்க்கு உணர்த்துதற்கு மொழியே தலைசிறந்த கருவி என்பது இலக்கியம் பயில்வோராகிய நமது கொள்கை. எனினும், பல பக்கங்களில் விரித்துரைத்தும் விளங்காத பொருள் ஒரு சிறு படத்தால் நொடிப்பொழுதில் விளங்கிவிடுதலையும் நாம் காண்கின்றோம். இதயத்தின் நான்கு அறைகளையும், குருதி அவற்றுட் புகுந்து வெளிப்படும் முறையையும் சொல்லால் மட்டும் கேட்ட மாணவன் திகைக்கின்றான். ஆசிரியர் கரும்பலகையில் வரையும் சில கோடுகளைக் கண்டவுடன் தெளிகின்றான். ஆதலின், விஞ்ஞான உண்மைகளைப் படத்தால் உணர்த்தும் கலை எத்தன்மையது, அதனைக் கற்கப் புகுவோர் யாது கற்றல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரைக்கண் ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் ஓவியத்திற்கும் விளக்கப்படத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். ஓவியன் தான் கண்ட அழகைக் காண்போர் உள்ளத்தில் எழுப்புகின்றான். அவனது படத்தைக் கண்டு ஒருவர் ஒன்றும், மற்றொருவர் பிறிதொன்றும் உணரினும் குற்றமில்லை. விளக்கப்படம் அத்தகையதன்று. அதனைக் காணும் நூறு பேரும் ஒரே பொருளை உணர்தல் வேண்டும். அப்பொருளும் மெய்ப்பொருளாதல் வேண்டும். நம் மொழியிலுள்ள சித்திரகவிகளை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம். இரதபந்தம், நாகபந்தம் முதலியவற்றில் தேரின் உருவமும் பாம்பின் உருவமும் முன்னரே அமைந்துவிடுகின்றன. எழுத்துக்கள் அவ்வுருவத்துள் அடங்குமாறு புலவன் செய்யுளை இயற்றுகின்றான். விஞ்ஞானப் படத்திலோ முறை தலைகீழாகும். உண்மை முன்னரே அமைந்து கிடக்கின்றது. உருவமே அதற்கு அடங்கி நிற்றல் வேண்டும். உருவத்தின் அழகிற்காக உண்மையை ஒரு நூலிழையளவு வளைப்பினும் அது விஞ்ஞானமாகாது.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் விஞ்ஞானப் படங்களைப் பற்றி எழுதப் புகுந்தது என்னை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நூலுக்குரிய குற்றங்கள் பத்தென்றும் அழகுகள் பத்தென்றும் நன்னூலார் தமது பொதுப்பாயிரத்தில் வகுத்துரைத்தார். விளக்கப்படமும் ஒருவகை நூலே. எழுத்துக்குப் பதிலாகக் கோடும் புள்ளியும் வண்ணமும் கொண்டு ஆக்கப்படுவது ஒன்றே வேறுபாடு. ஆகவே நூலுக்கு உரைத்த குற்றமும் குணமும் படத்திற்கும் பொருந்துவனவாம். அவற்றுள்ளும் அழகுகளுள் முதலதாகிய சுருங்கச் சொல்லலும், குற்றங்களுள் முதலதாகிய குன்றக் கூறலும் நமது ஆராய்ச்சிக்கு உரியன. இவ்விரண்டும் புறத்தோற்றத்தில் ஒரு தன்மையவே. இரண்டிலும் ஆசிரியன் சிலவற்றைச் சொல்லாது விடுகின்றான். அங்ஙனமாயின், ஒன்று அழகாகவும் மற்றொன்று குற்றமாகவும் ஆவது எதனால்? படம் வரையக் கற்போர் அனைவரும் விடை காணவேண்டிய வினா இதுவே. இவ்வினாவிற்கு விடையைச் சரித்திர நிகழ்ச்சிகள் மூன்றிலிருந்து தேடுவாம்.

முதல் நிகழ்ச்சி இலண்டன் மாநகரிலே நிகழ்ந்தது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அந்நகரின் சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி திடீரெனப் பரவிற்று. பிராட் தெரு என்னும் ஒரு தெருவைச் சூழ்ந்த சிறு வட்டாரத்தில் பத்து நாட்களுள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றால் இந்நோய் பரவுகின்றது என்பதே அக்காலத்து அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும், அஃது அசுத்தமான குடிநீர் வழியாகவே பரவுகின்றது என்று பல ஆண்டுகளாகக் கூறிவந்தார். அவர் இறந்தோர் வீடுகளுக்குச் சென்று விசாரித்து, பிராட் தெருவிலிருந்த அடிகுழாயின் நீரே காரணம் என ஊராட்சியினரிடம் எடுத்துரைக்க, செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

புகழ்பெற்ற அவருடைய படம் அதற்குப் பின்னரே வரையப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தாம் உண்மையைக் கண்டறிதற்காக அவர் அதனை வரையவில்லை; தாம் கண்டறிந்ததைப் பிறர் கண்ணுக்குக் காட்டவே வரைந்தார். 1855-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் அப்படம் இடம்பெற்றது. அதில் தெருக்கள் கோடுகளாக உள்ளன. ஒவ்வோர் இறப்பிற்கும் ஒரு சிறு கருங்கட்டை, இறந்தவர் வாழ்ந்த வீட்டின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. பலர் இறந்த வீட்டில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடிகுழாய்கள் இருந்த இடங்களும் குறிக்கப்பட்டுள்ளன. படத்தைக் காண்போர் கண் தானாகவே கட்டைகள் நெருங்கிய இடத்திற்குச் செல்கின்றது. அங்கே பிராட் தெருக் குழாய் நிற்கின்றது.

இப்படத்தில் அவர் விடுத்தவை பல. இறந்தோர் பெயர் இல்லை; வயது இல்லை; தொழில் இல்லை; வீடுகளின் தோற்றம் இல்லை. எனினும் அவர் விடாதவற்றையே நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தம் கருத்துக்குத் துணையாகிய ஒரு குழாயை மட்டும் வரைந்துவிட்டு அவர் அமையவில்லை. அவ்வட்டாரத்திலுள்ள பிற குழாய்களையும் வரைந்தார். அவற்றின் அருகே நிகழ்ந்த சில இறப்புக்களையும் மறையாது குறித்தார். பிராட் தெருக் குழாய்க்கு அண்மையில் இருந்தும் நோய் அணுகாத இடங்களுக்கு நூலிற் காரணம் கூறினார். ஏழையர் விடுதி ஒன்றில் வாழ்ந்த 535 பேருள் ஐவரே இறந்தனர்; அவ்விடுதிக்குத் தனியே கிணறு இருந்தது. மது வடிக்கும் ஆலை ஒன்றில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளருள் ஒருவரும் இறந்திலர். அவர்கள் அத்தெருக் குழாயின் நீரைப் பருகுவதில்லை. தமக்கு மாறாகத் தோன்றக்கூடியவற்றையும் அவர் சபையில் நிறுத்தினார். நாற்புறமும் குழாய்கள் இருப்பவும், ஒன்றைச் சுற்றியே சாவு நெருங்கியிருத்தலைக் காட்டியமையாலன்றோ அப்படம் சான்றாயிற்று? ஒரு குழாயை மட்டும் வரைந்திருப்பின் அது வெறும் குற்றச்சாட்டாகவே நின்றிருக்கும்.

இரண்டாவது நிகழ்ச்சி கிரிமியப் போரைச் சார்ந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்று, போர்வீரர்க்குப் பணிபுரிந்தமையை யாவரும் அறிவர். அவ்வம்மையார் கணக்கியலில் வல்லவர் என்பதைச் சிலரே அறிவர். 1855-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் போர்ப்புண்ணால் இறந்தோர் 83 பேர்; தடுத்தற்குரிய தொற்றுநோய்களால் இறந்தோர் 2,761 பேர். பகைவரது குண்டு ஒருவனைக் கொன்ற அளவில், கழிவுநீரும் நெருக்கமும் அழுக்கும் ஏறக்குறைய முப்பத்துமூவரைக் கொன்றன. இந்தக் கொடுமை நீண்ட அட்டவணைகளுக்குள் மறைந்து கிடந்தது. அட்டவணைகளைப் பொறுமையுடன் படிக்க அமைச்சர்க்கும் பாராளுமன்ற உறுப்பினர்க்கும் நேரமேது?

அம்மையார் 1858-ஆம் ஆண்டில் ஒரு படம் வெளியிட்டார். வட்டமொன்றைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் தடுத்தற்குரிய நோயால் நேர்ந்த இறப்பை நீலத்தாலும், புண்ணால் நேர்ந்ததைச் சிவப்பாலும், ஏனையவற்றைக் கருமையாலும் காட்டினார். நீலம் மலர்ந்து விரிந்து நிற்க, சிவப்பு நடுவே சிறு கீற்றாக ஒடுங்கியது. 1855 மார்ச்சு மாதத்தில் சுகாதார ஆணையினர் வந்து கழிவு வாய்க்கால்களைத் தூய்மை செய்த பின்னர், இரண்டாம் ஆண்டின் வட்டத்தில் நீலம் சுருங்கியது. போரில் வீரர் இறத்தல் இயல்பென்று எண்ணியிருந்தோர், அவர்களைக் கொன்றது போரன்று, கவனக்குறைவே என்பதை ஒரே நோக்கில் உணரலாயினர்.

இப்படத்தினுள்ளும் ஒரு நுட்பம் உண்டு. வட்டக்கூற்றின் ஆரத்தை இருமடங்காக்கின் பரப்பு நான்மடங்காகும். கண் காண்பது பரப்பையே. ஆதலின், இறப்பு இருமடங்கான இடத்தில் ஆரத்தை இருமடங்காக வரைவோன், அறிந்தோ அறியாமலோ நான்மடங்கெனப் பொய் கூறியவனாகின்றான். அம்மையார் மையத்திலிருந்து அளக்கும் பரப்பே இறப்பின் அளவைக் குறிக்கும் என வகுத்து, அதனைப் படத்தின் அருகிலேயே எழுதியும் வைத்தார். தம் வழக்கு நியாயமானது என்பதற்காக அளவை மிகுத்துக் காட்ட அவர் விரும்பவில்லை. அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அச்சங்கத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

மூன்றாவது நிகழ்ச்சி நெஞ்சை உருக்குவது. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவில் சாலஞ்சர் என்னும் விண்கலம் எழுந்த 73 நொடியில் வானிலே சிதறிற்று. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். ஏவுபொறியின் இணைப்புக்களில் சூடான வாயு வெளிப்படாமல் அடைத்து நின்ற இரப்பர் வளையங்கள், அன்று காலைக் குளிரால் தம் நெகிழ்ச்சியை இழந்தமையே காரணம். முதல்நாள் மாலை, ஏவுபொறியைச் செய்த நிறுவனத்தின் பொறியியலார் சிலர் இவ்வபாயத்தை அஞ்சி, குளிர் மிகுந்திருத்தலால் ஏவுதல் கூடாது எனத் தடுத்தனர். தம் கருத்துக்குச் சான்றாகப் பல தாள்களில் குறிப்புக்களும் அட்டவணைகளும் எழுதித் தந்தி வழிப் படமாக அனுப்பினர். ஆயினும், முன்னர் நிகழ்ந்த எல்லாப் பயணங்களின் வெப்பநிலையையும் வளையச் சேதத்தையும் ஒருங்கே காட்டும் படம் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. மேலதிகாரிகள் அச்சான்று போதாதென்றனர்; முடிவில் ஏவுதற்கு இசைவு அளிக்கப்பட்டது.

விபத்தை விசாரித்த ஆணைக்குழு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில் இரு படங்கள் காணப்படுகின்றன. முதற்படத்தில், வளையங்களுக்குச் சேதம் நேர்ந்த ஏழு பயணங்கள் மட்டும் புள்ளிகளாக உள்ளன. பாரன்ஹீட் அளவையில் 53 டிகிரியிலும் சேதம். 75 டிகிரியிலும் சேதம். இதனைக் காண்போர், குளிருக்கும் சேதத்திற்கும் தொடர்பில்லை என்றே எண்ணுவர். இரண்டாம் படத்தில் சேதம் நேராத பயணங்களும் சேர்க்கப்பட்டன. உடனே படத்தின் பொருள் முற்றிலும் மாறிவிடுகின்றது. சேதமில்லாப் பயணங்கள் யாவும் வெப்பம் மிகுந்த பக்கத்திலேயே திரண்டு நிற்கின்றன. 65 டிகிரிக்குக் கீழ் ஏவப்பட்ட நான்கு பயணங்களுள் ஒன்றேனும் சேதத்திற்குத் தப்பவில்லை. விபத்து நேர்ந்த காலையிலோ குளிர் 36 டிகிரி அளவில் இருந்தது!

படம் ஒன்றே எழுவர் உயிரையும் காத்திருக்கும் என்று துணிந்து கூறுதல் நமது கருத்தன்று. காலக்கெடுவின் நெருக்கம், அதிகாரிகளின் மனப்போக்கு முதலிய வேறு காரணங்களும் இருந்தன. அப்பொறியியலாரோ அபாயத்தை அஞ்சி உரைத்த நல்லோர். எனினும், சேதமில்லாதவற்றை விடுத்தமையால் உண்மை தன் முகத்தையே இழந்து நின்றது என்பதை மறுத்தல் இயலாது. பின்னர் ஆணைக்குழுவில் அமர்ந்திருந்த ரிச்சர்ட் பெயின்மன் என்னும் பௌதிக அறிஞர், அவ்வளையப் பொருளின் துண்டொன்றைச் சிறு கவ்வியால் இறுக்கி, பனிக்கட்டி நீரில் இட்டு எடுத்து, கவ்வியைத் தளர்த்தியும் அது தன் வடிவுக்கு விரைந்து மீளாமையைச் சபையோர் கண்முன் காட்டினார். பல தாள்கள் உணர்த்தாததை ஒரு கோப்பை நீர் உணர்த்திற்று.

இனி நம் வினாவிற்கு விடை காண்பாம். ஸ்நோ இறந்தோர் பெயரை விடுத்தார். அதனைச் சேர்த்திருப்பினும் காண்போர் முடிவு மாறியிராது. ஆகவே அது சுருங்கச் சொல்லல் என்னும் அழகாயிற்று. முதல்நாள் மாலைத் தாள்களில் சேதமில்லாப் பயணங்கள் விடுபட்டன. அவற்றைச் சேர்த்திருப்பின் காண்போர் முடிவு மாறியிருத்தல் கூடும். ஆகவே அது குன்றக் கூறல் என்னும் குற்றமாயிற்று. எதனைச் சேர்ப்பின் காண்போர் தீர்ப்பு மாறுமோ அதனை விடுதல் குற்றம். எதனை நீக்கினும் தீர்ப்பு மாறாதோ அதனை நீக்குதல் அழகு. இவ்வொரு விதியை மனத்திற் பதித்துக் கொண்டோர், படம் வரையும் கலையின் பாதியைக் கற்றோராவர்.

இவ்விதி இக்காலத்துப் படங்களுக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்கலாம். 2018-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் என்பார் பூமியின் வெப்ப மாறுதலைக் காட்ட, ஆண்டுக்கு ஒன்றாக வண்ணக் கீற்றுக்களை வரிசையாக அமைத்தார். குளிர்ந்த ஆண்டு நீலம்; வெம்மையான ஆண்டு சிவப்பு. எண்ணுமில்லை, எழுத்துமில்லை. இடப்புறம் நீலம் மிகுந்து, வலப்புறம் செம்மை மிகுந்து நிற்றலைப் பள்ளிச் சிறுவனும் அறிகின்றான். எண்களை விடுத்தமையால் இது குன்றக் கூறல் ஆகுமோ எனின், ஆகாது. பூமி வெம்மையடைகின்றதா என்னும் வினா ஒன்றற்கே அப்படம் விடையளிக்கின்றது. அவ்வினாவிற்கு உரிய ஆண்டுகளுள் தமக்கு மாறானவை எவற்றையும் அவர் நீக்கவில்லை. செம்மையினிடையே தோன்றும் வெளிறிய கீற்றுக்களும் தத்தம் இடத்திலேயே உள்ளன. ஆனால், எத்தனை டிகிரி உயர்ந்தது என்று வினவுவார்க்கு அப்படத்தையே காட்டி அமைதல் குன்றக் கூறலாகிவிடும். ஆதலின் ஒரு படத்தின் குற்றமும் குணமும் அதன் வினாவைப் பொறுத்தன என்க.

ஏனைய குற்றங்களையும் சுருக்கமாக நோக்குவாம். பட்டைகளுக்கு நிழலும் கனமும் சேர்த்துப் பெட்டிகளைப் போல வரைந்து, பின்னணியில் பூவும் கொடியும் இடுதல் மிகைபடக் கூறல். ஒரு படத்திலேயே ஐந்து செய்திகளைத் திணித்து, முதற் செய்தியை மறக்கச் செய்தல் மற்றொன்று விரித்தல். 95-ஐயும் 100-ஐயும் குறிக்கும் இரு பட்டைகளை, அளவுகோலை 90-இலிருந்து தொடங்கி வரைந்தால், ஒன்று மற்றொன்றின் இருமடங்கு நீளமாகத் தோன்றும். எண் ஒன்று கூற, நீளம் வேறொன்று கூறுவதால் இது மாறுகொளக் கூறல். கோடுகளின் பெயர்களை அவற்றின் அருகே எழுதாது, மூலையிலே பட்டியலாக வைத்துக் கண்ணை அங்குமிங்கும் அலைக்கழித்தல் மயங்க வைத்தல். சிவப்பையும் பச்சையையும் மட்டுமே கொண்டு வேறுபாடு காட்டுதலும் இவ்வகையினதே. என்னை? அவ்விரு நிறங்களைப் பிரித்தறிய மாட்டாதார் உலகிற் பலர். ஐரோப்பிய ஆடவருள் ஏறக்குறைய பன்னிருவரில் ஒருவர் அத்தகையினர். வண்ணத்தோடு கோட்டின் வடிவையும் வேறுபடுத்துவோர் எவரையும் வெளியே நிறுத்தாதோராவர்.

இக்கலையைப் பயிலும் முறை யாது? இக்காலத்தில் கணிப்பொறி நொடியில் நூறு படங்கள் வரைந்து தருகின்றது. அதனால் வரைதல் எளிதாயிற்று, தெரிந்தெடுத்தல் எளிதாகவில்லை. ஆகவே, மாணவர் முதலில் தாளும் பென்சிலும் கொண்டே தொடங்குதல் நன்று. படம் கூறவேண்டுவதை ஒரே வாக்கியத்தில் எழுதுக. அவ்வாக்கியம் அமையாவிடின் படமும் அமையாது. பின்னர் அவ்வாக்கியத்தை மறுக்கக்கூடிய செய்தி தம் குறிப்பேட்டில் உளதோ எனத் தேடுக. உளதாயின் அதற்கே முதலிடம் தருக. வரைந்து முடித்தபின் அத்துறையை அறியாத ஒருவரிடம் காட்டி, அவர் காண்பது யாதென வினவுக. இடையில் நாம் விளக்கம் கூறலாகாது. அவர் வேறொன்றைக் கூறின், அவரைக் குறைகூறாது படத்தைத் திருத்துக. கேட்போரின் அறிவை நோக்கிச் சொல்லுதல் உரையாசிரியர்க்கு மட்டுமன்றிப் படம் வரைவோர்க்கும் கடமையாம்.

இறுதியாக ஒன்று. படத்திற்குள்ளும் சொற்கள் உண்டு. கோட்டின் முனையிலும் உறுப்பின் அருகிலும் எழுதும் அச்சிறு பெயர்கள் காண்போர்க்கு விளங்காவிடின், படம் ஊமையாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், நம் மக்களுக்கு அவர்தம் மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் எனத் துணிந்து, 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875-இல் 'கெமிஸ்தம்' முதலிய நூல்களை வெளிப்படுத்தினார். உடலின் உறுப்புக்களுக்கும் இரசாயனப் பொருள்களுக்கும் தமிழிற் பெயரிட அவர் உழைத்த உழைப்பு சிறிதன்று. அப்பணி இன்னும் முடிந்திலது. நோய்த்தடுப்பையும் குடிநீரையும் பற்றி நம் சிற்றூர்களில் ஒட்டப்படும் படங்களில், எல்லோரும் வழங்கும் சொல்லைத் தெரிந்து வைத்தல் தமிழ் பயில்வோர்க்குரிய தொண்டாகும். விஞ்ஞானம் பயிலும் தோழர் உண்மையைத் தருக. சித்திரம் வல்லார் உருவைத் தருக. நாம் சொல்லைத் தருவாம். மூவரும் ஒருங்கு கூடி, வேண்டாததை நீக்கி, வேண்டுவதை மறையாது வரையும் படம், எழுத்தறியாத ஒருவரது இல்லத்தில் ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் விழுமிய பயன் நம் கல்விக்கு வேறு யாதுளது?